ஆய்வாளர் தங்கிப் படிக்கக் கொழும்பில் ஓர் இல்லம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மொழி, இலக்கியம், வரலாறு, மெய்யியல், சமயம் முதலிய துறைகளில் ஆய்வு செய்வோர் சில மாதங்கள் ஓரிடத்தில் தங்கி, பிழைப்புக் கவலையின்றித் தம் நூலை எழுதுவதற்கு உதவும் புலமைப்பரிசில்கள் பல நாடுகளில் உள்ளன. தமிழில் ஆராய்வோருக்கும் அப்படியொன்று கொழும்பில் தொடங்கப்பட வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டிக்கொள்கிறேன்.

என்னிடம் படித்து, இன்று மட்டக்களப்பில் ஆசிரியையாக இருக்கும் ஒருவர், பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் தோட்டத் தொழிலாளர் பற்றி வந்த செய்திகளைத் தேடிக் கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் இங்கு வந்திருந்தார். இரவு ரயிலில் வந்து கோட்டையில் இறங்கி, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் பையை வைத்துவிட்டு, முகம் கழுவிய கையோடு வாசிப்பறைக்குப் போனார். தொட்டால் ஓரம் உதிரும் தாள்களை மெல்லத்தான் புரட்ட முடியும், குறிப்பெடுக்கவும் பென்சில்தான். ஐந்து நாட்களில் ஒன்றரை ஆண்டுக்குரிய இதழ்களைப் பார்த்தார். ஆறாம் நாள் லொட்ஜுக்குக் கொடுக்கக் கையில் காசில்லை. இன்னும் பன்னிரண்டு ஆண்டுகளுக்குரிய இதழ்கள் அவருக்காகக் காத்திருக்கின்றன. விடைபெறும்போது, சீவிச் சீவிப் பெருவிரல் அளவுக்குக் குறுகிவிட்ட பென்சிலை என்னிடம் காட்டினார்.

கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் 1640 முதல் 1796 வரையான ஒல்லாந்தர் காலப் பதிவேடுகள் மட்டும் ஏறத்தாழ 7,000 தொகுதிகள் உள்ளன. நம் ஊர்களின் காணிகளையும் குடும்பங்களையும் பதிந்த தோம்புகள் அவற்றுள் அடங்கும். அவற்றைப் பயன்படுத்த விரும்புபவர் முதலில் பழைய ஒல்லாந்த மொழியையும், அதைவிடக் கடினமான அக்காலக் கையெழுத்தையும் பழக வேண்டும். இது விடுமுறைக்கு விடுமுறை வந்து போய்ச் செய்யக்கூடிய வேலையன்று. ‘நூலகம்’ என்னும் நிறுவனத்தார் 2005 முதல் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூல்களும் இதழ்களும் நமக்குப் பெருங்கொடை என்பதை நன்றியுடன் சொல்கிறேன். ஆயினும் மூலத்தின் முன் அமர்ந்தே படிக்க வேண்டியவை இன்னும் ஏராளம்.

அயலிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. ஆங்கிலேய வைஸ்ராய்கள் கோடையில் தங்கிய சிம்லா மாளிகையில், 1965இல் அன்றைய குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த இந்திய உயர் ஆய்வு நிறுவனம் இன்றும் அறிஞர்களைத் தங்கவைத்து நூல் எழுதச் செய்கிறது. 1981இல் தொடங்கிய பெர்லின் உயர் ஆய்வு நிறுவனத்தில் (Wissenschaftskolleg) வெவ்வேறு துறையினர் ஒரே மேசையில் உணவருந்துவது ஏற்பாட்டின் ஒரு பகுதியாகவே உள்ளது. நம்மவருக்கும் இது புதிதன்று. விபுலாநந்த அடிகள் நெடுங்காலம் ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947இல் அரங்கேறியதற்குப் பின்னால், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் துணையும் புதுக்கோட்டைப் புரவலர் ஒருவரின் கொடையும் இருந்தன.

அத்தகைய மாளிகை எதையும் நான் கேட்கவில்லை. சுவடிகள் கூடத்துக்கும் நூதனசாலை நூலகத்துக்கும் ஒரே பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் நான்கு அறைகள், மூன்று வேளைச் சாப்பாடு, இரவில் எழுத நல்ல வெளிச்சம், பெண்கள் அச்சமின்றித் தங்கத்தக்க பாதுகாப்பு ஆகியவை போதும். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தங்க இடமளிக்கலாம். பல்கலைக்கழக விரிவுரையாளருக்கு ஓய்வாண்டு விடுப்பாவது உண்டு. பாடசாலை ஆசிரியருக்கும் பதவியே இல்லாத ஆய்வாளருக்கும் அதுவும் கிடையாது. ஆகவே தெரிவில் அவர்களுக்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாதந்தோறும் முன்னேற்ற அறிக்கை கேட்டு அவர்களை அலைக்கழிக்கவும் கூடாது. முடிவில் பொதுமக்கள் முன் ஓர் உரையும், எழுதியதன் ஒரு பிரதியும் தந்தால் போதுமானது.

தலைநகரின் தமிழ்ச் சங்கங்களும் அறக்கட்டளைகளும் வணிகப் பெருமக்களும் கூடிப் பேசினால், இதற்கான செலவு ஒரு பெருவிழாவின் செலவைத் தாண்டாது என்று நம்புகிறேன். அதுவரை, என் வீட்டு மேல்மாடி அறையைத் துப்புரவாக்கி, ஜன்னலோரம் ஒரு மேசையும் போட்டிருக்கிறேன். மட்டக்களப்பு ஆசிரியை டிசம்பர் விடுமுறைக்கு அங்கேதான் தங்கவிருக்கிறார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6.