தடை அல்ல, கெடு முடிந்த அனுமதி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பதிவுசெய்த 'ஐஸ் ஆன் தி பிரைஸ்' ஆவணத் தொடரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ஆனால், 1990களின் நடுவில் தொடங்கிப் பத்தாண்டுக்கும் மேலாக அந்தத் தொடர் ஒளிபரப்பாகாமல் போனதற்கு அரசியல் நெருக்கடியே காரணம் என்பதுபோல் கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியன்று. அதை யாரும் தடை செய்யவில்லை. அதில் இடம்பெற்ற செய்திப்படங்கள், புகைப்படங்கள், பாடல்கள் ஆகியவற்றுக்குப் பெற்றிருந்த அனுமதிகளின் கெடு முடிந்துபோயிற்று. புதுப்பிக்கக் கையில் பணமில்லை. நடந்தது அவ்வளவே.

1987 சனவரியில் பிபிஎஸ் என்னும் பொதுத் தொலைக்காட்சியில் வெளியான முதல் சீசன் ஆறு மணி நேரம் ஓடும். 1954 முதல் 1965 வரையிலான காலத்தைச் சொல்லும். அதை உருவாக்கிய ஹென்றி ஹாம்ப்டன், இளம்பிள்ளைவாதம் பாதித்த காலோடு 1965இல் அலபாமா மாநிலத்துச் செல்மா நகரில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக ஊர்வலம் போனவர். போராட்டத்தில் கலந்துகொண்டவர்களும் நேரில் கண்டவர்களும் எதிர்த்து நின்றவர்களும் மட்டுமே திரையில் பேச வேண்டும், பின்னாளில் விளக்கவுரை சொல்லும் பேராசிரியர்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது என்பது அவர் வகுத்துக்கொண்ட விதி. வகுப்பறையில் முப்பது ஆண்டு விளக்கவுரை சொல்லியே பிழைத்த எனக்கு இந்த விதி முதலில் சற்று உறுத்தியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நண்பர் ஒருவர் கொண்டுவந்த ஒளிநாடா நம் ஊர்ப் பெட்டியில் நிறம் இல்லாமல்தான் ஓடியது (பாதிக்கு மேல் கறுப்பு வெள்ளைக் காட்சிகள் என்பதால் பெரிய நட்டமில்லை). அதைப் பார்த்த அன்றே என் உறுத்தல் தீர்ந்தது.

மூன்றாம் பகுதியில் வரும், அமெரிக்கத் தென்பகுதி நகரமான நாஷ்வில்லின் காட்சியைச் சொல்கிறேன். கறுப்பினத்தவருக்கு உணவு பரிமாற மறுத்த கடைகளின் மேசைகளில் மாணவர்கள் அமர்ந்து போராடிய காலம் அது. 1960 ஏப்ரல் 19 அன்று விடியற்காலையில், அந்த மாணவர்களுக்காக வாதாடிய கறுப்பின வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் குண்டு வெடிக்கிறது. அன்று பகலிலேயே ஆயிரக்கணக்கானோர் பேச்சின்றி நகர மன்றத்துக்கு நடந்து போகிறார்கள். அதன் படிக்கட்டில் நின்று, டயான் நாஷ் என்ற மாணவி மேயர் பென் வெஸ்டிடம், கடைகளின் உணவு மேசையில் நிறம் பார்ப்பது தவறா இல்லையா என்று நேருக்கு நேர் கேட்கிறார். பொருளை விற்றுக் காசை வாங்கிக்கொண்டு உணவை மட்டும் மறுப்பது நியாயம் என்று தன்னால் சொல்ல முடியவில்லை என்கிறார் மேயர். மூன்றே வாரத்தில், மே 10 அன்று, அந்த மேசைகள் எல்லோருக்கும் திறக்கப்பட்டன. இந்த மாணவர்களுக்கு அடிபட்டாலும் திருப்பி அடிக்காதிருக்கப் பயிற்சி அளித்த ஜேம்ஸ் லாசன், 1950களில் நாகபுரியில் தங்கிக் காந்தியின் சத்தியாகிரகத்தைப் பயின்றவர் என்பதைக் கட்டுரையாளர் ஒரு வரியிலாவது குறித்திருக்கலாம்.

இப்படி முழுக்க முழுக்க அன்றைய காட்சிகளையும் அன்றைய குரல்களையும் வைத்தே கட்டிய தொடர் என்பதால், ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் உரிமையாளர் இருந்தார். ஹாம்ப்டனுக்கோ பெருநிறுவனங்களின் ஆதரவு பெரிதாகக் கிட்டவில்லை; சிறுகச் சிறுகத் திரட்டிய தொகையில் நிரந்தர உரிமை வாங்க வழியில்லாததால், பலவற்றுக்குச் சில ஆண்டு அனுமதி மட்டுமே பெற முடிந்தது. 1990இல் வந்த இரண்டாம் சீசனில், மார்ட்டின் லூதர் கிங்கின் கடைசிப் பிறந்தநாளில் கூட்டாளிகள் அவரைச் சுற்றி நின்று வாழ்த்துப் பாடுவார்கள். உலகமே பாடும் அந்தப் பிறந்தநாள் பாட்டுக்கும் அப்போது ஒரு நிறுவனம் உரிமை கொண்டாடிக் கட்டணம் வசூலித்து வந்தது. அந்த உரிமை செல்லாது என்று அமெரிக்க நீதிமன்றம் சொன்னது 2015இல்தான்.

1998இல் ஹாம்ப்டன் மறைந்தபோது அவருடைய தொடர் பெட்டிக்குள் கிடந்தது. ஃபோர்டு அறக்கட்டளையும் கில்டர் அறக்கட்டளையும் சேர்ந்து ஏறத்தாழ எட்டரை லட்சம் டாலர் கொடுத்து உரிமைகளைப் புதுப்பித்த பிறகே, 2006 அக்டோபரில் முதல் சீசன் மீண்டும் பிபிஎஸ்ஸில் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளிகளும் நூலகங்களும் முன்பு வாங்கிய, தேய்ந்துபோன நாடாக்களை வைத்தே காலம் தள்ளின.

நம் நாட்டிலும் பொதுத் தொலைக்காட்சிக்காக வரலாற்றுத் தொடர்கள் எடுக்கப்படுகின்றன. ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே நிரந்தர உரிமைக்கான தொகையைத் தயாரிப்புச் செலவில் சேர்த்துவிட வேண்டும் என்று கேட்க, அந்த அமெரிக்க அனுபவம் நமக்குக் கைகொடுக்கும். தடை என்று எழுதிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. எனவே அடுத்த ஞாயிறு இணைப்பில் உரிய திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்.