நெஞ்சுவலிக்கு இஞ்சிச் சாறு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த இஞ்சி மருத்துவக் குறிப்பைப் படித்தேன். குமட்டலில் தொடங்கி நெஞ்சுவலி வரை எல்லாவற்றுக்கும் இஞ்சிச் சாறு என்று போட்டிருந்தீர்கள். முதலாவது எனக்கு நன்றாகத் தெரியும். கடைசியும் தெரியும் என்பதால்தான் எழுதுகிறேன்.

பொள்ளாச்சி - வால்பாறை பேருந்தில் 19 ஆண்டுகள் நடத்துநராக இருந்தேன். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது நான்காவது வளைவிலேயே யாருக்கு வரப்போகிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பேச்சு நின்றுபோகும், அடிக்கடி எச்சில் விழுங்குவார்கள், மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நிற்கும். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ காட்சிமுனை வருவதற்குள் "கண்டக்டரண்ணா, வாந்தி வருதுங்ணா" என்று குரல் கேட்கும்.

அதற்காக என் காக்கிப் பையில் எப்போதும் ஒரு சின்ன டப்பா இருக்கும். இஞ்சியைத் தோல் சீவி, நகக்கண் அளவுக்கு நறுக்கி, உப்பில் பிரட்டி வைத்திருப்பேன். ஆனால் வாந்தி தொண்டைக்கு வந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. அதையும் பழகித்தான் தெரிந்துகொண்டேன். வண்டி கிளம்ப அரை மணி நேரம் முன்பே ஒரு துண்டை வாயில் ஒதுக்கி மெதுவாக மென்று சாறு இறக்க வேண்டும். வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தூரத்து மலையைப் பார்க்க வேண்டும், செல்போனைப் பார்க்கக் கூடாது. உடம்பு ஆடுகிறது என்று காது சொல்கிறது, ஆடவில்லை என்று கண் சொல்கிறது. அந்தக் குழப்பத்தில்தான் குமட்டலே வருகிறது.

என் மகள் பார்மசி படித்தவள். இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள் என்று அவள்தான் எடுத்துக் காட்டினாள். 1982-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. பயண வாந்தி எளிதில் வரக்கூடிய 36 மாணவர்களைக் கண்ணைக் கட்டிச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வழக்கமான மாத்திரை சாப்பிட்டவர்களைவிட, ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாக சுக்குப் பொடி சாப்பிட்டவர்கள் அதிக நேரம் தாங்கினார்கள். 1988-ல் டென்மார்க் கடற்படைப் பயிற்சி மாணவர்கள் 80 பேரிடம் நடுக்கடலில் சோதித்தபோதும், ஒரு கிராம் சுக்குப் பொடியில் வாந்தி குறைந்தது. எல்லா ஆய்விலும் இதே முடிவு வரவில்லை என்பதையும் அவள் சொன்னாள். ஆனால் மாத்திரை போட்டால் வருகிற தூக்கம் இதில் இல்லை. அதுவே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. தூங்கி வழிகிற பிள்ளையையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு எஸ்டேட் நிறுத்தத்தில் இறங்குகிற தாய்மாரை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

மசக்கை வாந்திக்கும் டாக்டர்களே இஞ்சியைச் சொல்கிறார்கள். அளவைக் கேட்டுக்கொண்டு சாப்பிடலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பித்தப்பையில் கல் இருப்பவர்களும் கேட்காமல் தொடக் கூடாது.

அப்புறம், மொரப்பா. போன வாரம் அதே பேருந்தில் பயணியாகப் போனேன். பக்கத்தில் ஆறு வயதுப் பெண் குழந்தை. வாந்தி வராமல் இருக்க அவள் அம்மா இஞ்சி மொரப்பா பாக்கெட் வாங்கி வைத்திருந்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். வாயில் போட்டால் சர்க்கரைதான் கரைகிறது, சுரீர் என்று ஏறவே இல்லை. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். சர்க்கரை, குளுக்கோஸ் சிரப் என்று வரிசையாகப் போய், நிறத்துக்கும் வாசனைக்கும் சற்று முன்னால் இஞ்சி. எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. குழந்தை அட்டகட்டிக்கு முன்பே வாந்தி எடுத்துவிட்டது. என் அம்மாயி செய்யும் மொரப்பாவில் இஞ்சியை இடித்துப் பிழிந்து, சாற்றை அசையாமல் வைத்து, அடியில் தங்குகிற வெள்ளை வண்டலை விட்டுத் தெளிவை மட்டும் இறுத்து, வெல்லப்பாகில் ஊற்றிக் கிண்டுவார். நெய் தடவிய தட்டில் கொட்டி, ஆறுவதற்குள் கத்தியால் கீறி வில்லை போடுவார். ஒன்று போட்டால் கண்ணில் தண்ணீர் வரும். பேருந்து நிலையங்களில் விற்பவர்கள் அந்தக் காரத்தில் பாதியாவது கொடுக்க வேண்டும்.

இனி, நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். 2011-ல் ஒரு விடியற்காலை, முதல் சிங்கிள், அதாவது அன்றைய முதல் நடை, எடுப்பதற்கு முன்னால், என்னோடு பல ஆண்டுகள் ஓட்டுநராக இருந்த நண்பர் நெஞ்சை அடைக்கிறது என்றார். சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை. இடது கை குடைகிறது என்றும் சொன்னார். ராத்திரி புரோட்டா சாப்பிட்டிருந்தார், அதனால் வாயு என்றே எல்லோரும் முடிவு கட்டினோம். டீக்கடையில் இஞ்சி வாங்கி, இடித்து, எலுமிச்சையும் உப்பும் சேர்த்து டம்ளரில் கொடுத்தவன் நான்தான். இரண்டு ஏப்பம் விட்டார். "இப்பப் பரவால்ல" என்றார். ஒரு மணி நேரம் கழித்து, எழுந்து நிற்க முடியாமல் பெஞ்சிலேயே சரிந்தார்.

உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் இதயத்தின் ஒரு பகுதி செத்துப்போய்விட்டது, முதல் ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டீர்களே என்றார் டாக்டர். அதன்பிறகு நண்பர் மலை வண்டி ஓட்டவே இல்லை. அந்த டம்ளரை நான் இன்னும் மறக்கவில்லை.

சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். வீட்டில் யாருக்காவது நெஞ்சு அடைத்தால் கை முதலில் அஞ்சறைப் பெட்டிக்குத்தான் போகிறது. ஊரே படிக்கிற பத்திரிகையில் நெஞ்சுவலிக்கு இஞ்சிச் சாறு என்று அச்சில் வந்தால், அது இன்னும் உறுதியாகிவிடும். தயவுசெய்து அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஒரு திருத்தம் போடுங்கள்: நெஞ்சை அடைத்து வியர்த்தால் எதையும் இடிக்க வேண்டாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர்,
பொள்ளாச்சி.