ஆல்பம் வேலைக்கு ஒரு கம்ப்யூட்டர்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சி மறுபடியும் டியூஷன் எடுக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது யார் தயவும் இல்லாமல் பேப்பர் முழுவதையும் படித்துவிட்டு, காலையிலேயே எனக்குச் செய்தி சொல்கிறாள். பெரியவன் பிளஸ் டூ. வீட்டில் டிவி சத்தமே இல்லை.

சரி, ஆல்பம் வேலைக்குப் புதிதாக எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று கேட்டிருந்தாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒன்று: உங்கள் ஊர்க் கடையில் சொன்ன அந்த ‘ஐ7 ஃபுல் செட்’டை வாங்காதே. நீ எழுதி அனுப்பிய விவரத்தில் பிராசஸர் ஐ7 3770 என்று இருக்கிறது. அது 2012-இல் வந்தது. நீ இப்போது வைத்திருக்கும் நான்காம் தலைமுறை ஐ5-ஐவிட ஒரு தலைமுறை பழையது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவை நிறுத்திவிட்டதால்தானே நீ மாற்றவே நினைக்கிறாய்? 3770-உம் விண்டோஸ் 11-க்கு அங்கீகரிக்கப்பட்ட பிராசஸர் இல்லை. கூடவே தருகிற ஜிடி 730 கிராபிக்ஸ் கார்டில் ‘4 ஜிபி’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதே. நினைவகம் எவ்வளவு இருந்தாலும், இப்போது கேமராக்கள் எச்.265 என்ற முறையில் சுருக்கித் தருகிற வீடியோவைப் பிரித்துக் காட்டும் வசதி அந்தக் கார்டிலேயே கிடையாது. ஐ7 என்ற எண்ணையும் மினுக்கும் விளக்குகளையும் நம்பி, உழைத்துச் சேர்த்த காசைக் கொட்டிவிட்டுப் பலர் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

உன் வேலையை நினைத்துப் பார்த்தேன். ஃபோட்டோஷாப்பில் ஆல்பம், பக்கத்தில் பத்திரிகை டிசைன், பிரவுசரில் வாட்ஸ்அப், கூகுள் டிரைவ், பின்னால் பிரீமியரில் ஒரு வீடியோ எக்ஸ்போர்ட் ஓடுகிறது. இதெல்லாம் ஒரே நேரத்தில். இதில் முதலில் திணறுவது, ஓடுகிற வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகமான ரேம்தான். 12-க்கு 36 அங்குல ஷீட்டை 300 டிபிஐயில் திறந்தால் 3600-க்கு 10800 பிக்சல், அதாவது கிட்டத்தட்ட 3 கோடியே 89 லட்சம். முழு ஷீட்டையும் நிரப்புகிற ஒரு லேயருக்கே ஏறக்குறைய 117 எம்பி ஆகிறது. நீ போடுகிற லேயர்கள், ஹிஸ்டரி, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் எல்லாம் சேர்ந்தால் 8 ஜிபி எந்த மூலைக்கு? ரேம் நிரம்பியதும் ஃபோட்டோஷாப் ஸ்கிராட்ச் டிஸ்கில், அதாவது ரேமுக்குப் பதிலாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடத்தில், எழுத ஆரம்பிக்கும். உன்னிடம் இருப்பதோ பழைய ஹார்ட் டிஸ்க். நீ ‘ஹேங் ஆகிறது’ என்று எழுதியது அநேகமாக இதுதான். சந்தேகம் இருந்தால், வேலை திணறும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பார். மெமரி நிரம்பி, டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் நான் சொன்னது சரி.

ஆகவே 32 ஜிபி ரேம் என்பதுதான் நம் இலக்கு. சங்கடம் என்னவென்றால், 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி அவ்வளவு தேவைப்படுகிறது. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் எல்லாம் அந்தப் பக்கம் கவனத்தைத் திருப்பிவிட்டன. மைக்ரான், ‘குரூஷியல்’ என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. அதனால் புதிய ரேம் வகையான டிடிஆர்5 பக்கம் போகாமல் அதற்கு முந்தைய டிடிஆர்4-லேயே நிற்பது நல்லது என்று நினைக்கிறேன். ஒரே தடவையில் 32 வாங்க முடியாவிட்டால், 16 ஜிபி ஸ்டிக் ஒன்றை இப்போது வாங்கு, இன்னொன்றைக் கல்யாண சீசன் முடிந்ததும் போட்டுக்கொள். ஒரு ஸ்டிக்கோடு ஓட்டும்வரை வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. ஸ்லாட் காலியாக இருப்பதுதான் முக்கியம். உன் பழைய மெஷினில் இருப்பது டிடிஆர்3, அது புதிய போர்டில் உட்காரவே உட்காராது. செகண்ட் ஹேண்டில் வாங்கலாம் என்று நான் சொல்லக்கூடிய ஒரே பாகமும் ரேம்தான். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் புரோகிராமை ஓட்டிப் பார்த்து, பிழை இல்லை என்றால் வாங்கலாம். ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியும் கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ்ஸும் பழசு வேண்டவே வேண்டாம்.

பிராசஸருக்கு இன்டெல் ஐ5 12400. 2022-இல் வந்தது, 6 கோர், 12 திரெட். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும் என்பதால் போர்டு வாங்கும்போது டிடிஆர்4 மாடலா என்று பார்த்து வாங்கு. இங்கே ஒரு விஷயத்தில் நீ உறுதியாக நிற்க வேண்டும். கடையில் 12400எஃப் காட்டுவார்கள், விலையும் குறைவாக இருக்கும். அந்த ‘எஃப்’ இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கேமிங்குக்குத் தனிக் கார்டு போடுகிறவர்களுக்கு அது சரி. உனக்கு எஃப் இல்லாததுதான் வேண்டும். காரணம் சொல்கிறேன். உனக்கு ஃபைல் தருகிற வீடியோகிராபர்கள் இப்போது 10 பிட் 4:2:2 எச்.265-இல், அதாவது கலர் விவரம் அதிகமாகப் பதிவாகும் வகையில், எடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கலருக்கு நல்லது, ஆனால் பிரித்துக் காட்டப் பிராசஸருக்குப் பெரிய பாரம். இந்த வகை ஃபைலை இன்டெலின் உள் கிராபிக்ஸ், குயிக் சிங்க் என்ற வசதியால், 11-ஆம் தலைமுறை டெஸ்க்டாப்பிலிருந்தே நேரடியாகப் பிரித்துவிடுகிறது. என்விடியா கார்டுகளில் இது வந்ததே 2025-இன் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான். அதாவது ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கி, 12400எஃப் போட்டு, அதிகம் செலவழித்த ஒருவருக்கு டைம்லைன் திக்கித் திக்கி ஓடும்போது, கார்டே இல்லாத உன் மெஷினில் அதே ஃபைல் சுலபமாக ஓடும். பட்ஜெட்டில் வாங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல சேதி வேறு என்ன? ஆனால் அதே 4:2:2 பழைய முறையான எச்.264-இல் வந்தால் இந்த உதவி கிடைக்காது. அப்போது இரவில் பிராக்ஸி (எடிட்டுக்கான இலகுவான நகல்) போட்டுவிட்டுத் தூங்கு, காலையில் எடிட் செய்.

ஏஎம்டி ரைசன் 5 5600ஜி-யும் அருமையான பிராசஸர்தான். ஃபோட்டோஷாப்போடு வேலை முடிந்துவிடும் என்றால் அதையே சொல்லியிருப்பேன். உன் வீடியோவுக்காகத்தான் இன்டெல் என்கிறேன்.

மதர்போர்டு எச்610 போதும், ரேமுக்கு இரண்டு ஸ்லாட் இருக்கும். பணம் இடம் கொடுத்தால் நான்கு ஸ்லாட் உள்ள பி760. கிராபிக்ஸ் கார்டை இப்போது விட்டுவிடு. டாவின்சி ரிசால்வில் கலர் கிரேடிங்கோ, பிளெண்டரில் 3டி வேலையோ பழக ஆரம்பித்தால் அப்போது வாங்கிக்கொள்ளலாம்.

எஸ்எஸ்டி விஷயத்தில் என்விஎம்இ 1 டிபி ஒன்று போதும், விண்டோஸும் அன்றாட வேலையும் அதில். உள்ளே இருக்கும் நினைவகச் சிப் டிஎல்சி வகையா என்று கேள். க்யூஎல்சி வகை என்றால் பெரிய ஃபைல்களைத் தொடர்ந்து எழுதும்போது வேகம் விழுந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கை எறியாதே. ஆனால் அதை மட்டும் நம்பி எந்தக் கல்யாணத்தையும் வைக்காதே. ஒருவருடைய தாலி கட்டும் நேரத்தை மறுபடி எடுக்க முடியாது. வெளியே ஒரு டிஸ்க்கிலும் இன்னொரு பிரதி இருக்கட்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் கஞ்சத்தனம் கூடாது, இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். கேபினட்டோடு இலவசமாக வருகிற ‘500 வாட்’ பெட்டியின் எடையைக் கையில் தூக்கிப் பார்த்தாலே விஷயம் புரியும். 12400 முழு வேகத்தில் ஓடினாலும் 117 வாட்தான் கேட்கும். ஆனாலும் 80 பிளஸ் பிராண்ஸ் என்ற மின் சிக்கனச் சான்று உள்ள 550 வாட் ஒன்றை வாங்கு. பின்னால் 3060 போன்ற கார்டு போட்டாலும் அது தாங்கும். உங்கள் ஊரில் மாலை நேரத்தில் வோல்டேஜ் ஆடுவது எனக்குத் தெரியும். யுபிஎஸ் கட்டாயம், கரண்ட் போனால் சேவ் செய்து அணைக்கிற அளவுக்காவது. கேபினட் முன்பக்கம் கண்ணாடி இல்லாமல் வலை போட்டதாக இருக்கட்டும், திருநெல்வேலி வெயிலுக்குக் காற்று ஓட வேண்டும்.

மானிட்டரைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லை, எனக்கு அதுதான் கவலை. லேபிலிருந்து வரும் பிரிண்டில் கலர் வேறு மாதிரி இருக்கிறது என்று கஸ்டமர் சொன்னதாக எழுதியிருந்தாயே, உன் பழைய மானிட்டர் கலரைக் காட்டுவதிலேயே கோளாறு இருக்கலாம். கலரைச் சரியாகக் காட்டும் ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி என்ற கலர் அளவில் 99 சதவீதம் என்று போட்டிருக்க வேண்டும். ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ என்று இருந்தால் அது காட்டும் கலர் குறைவு, ஆபீஸில் கணக்கு எழுத மட்டும்தான். 24 அங்குலம் போதும். ரேமுக்கு அடுத்தபடி நான் காசு போடச் சொல்வது இதில்தான்.

அடுத்த மாதம் சென்னை வரும்போது ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு இருவரும் சேர்ந்தே போவோம். ஒரே கடையில் எல்லாவற்றையும் வாங்காமல் நான்கைந்து கடையில் விலை கேட்டுவிட்டு வாங்கலாம். 18 சதவீத ஜிஎஸ்டியோடு பில் கட்டாயம் வேண்டும். நீ ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கிறாய், உள்ளீட்டு வரியாக அந்தத் தொகையைத் திரும்பப் பெற முடியுமா என்று ஆடிட்டரிடம் முன்னாலேயே கேட்டு வை. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருந்தால்தான் பிறகு வாரண்டியில் தகராறு வராது. பிராசஸர் பெட்டியோடு வந்ததா, பெட்டி இல்லாமல் ‘ட்ரே’யில் வந்ததா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்வோம்.

எந்த வாரம் வருகிறாய் என்று எழுது, நான் லீவு போட்டுவிடுகிறேன். தங்கச்சியையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் சிநேகிதன்