களப்பின் ஆழம் கிடைத்தது: தேடித் தந்தவர்களுக்கு நன்றி

போன சனிக்கிழமை விடிய, திருகோணமலைப் பக்கம் சாம்பல்தீவுக் களப்பில் எங்கள் சின்னப் படகு ஆளில்லாமல் 22 நேர்கோட்டில் ஓடித் திரும்பி வந்தது. கரையில் வைத்தே, படகு ஓடும்போது தானாகப் பதிகிற லொக் கோப்பைத் திறந்தோம். ஆழம் இருந்தது. ஓடிய வழி முழுக்க இருந்தது. இதற்காக நாலு மாதம் அலைந்திருக்கிறோம், அதனால் நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சூட்டோடு சூடாகச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மாரி முடிந்தால் களப்பு வாயில் மண் குவிகிற இடம் மாறும், வள்ளம் தட்டுகிற இடமும் மாறும். அதை அளந்து ஒரு படமாகத் தொழிலுக்குப் போகிறவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் மூன்று பேரின் நெடுநாள் ஆசை. படகை ஓட்டுவது ஆர்டுபைலட். 2009 இல் தொடங்கிய திறந்த மூல ஃபர்ம்வெயர் அது, அதாவது படகின் கட்டுப்பாட்டுப் போர்டுக்குள் ஓடுகிற மென்பொருள். ட்ரோன், விமானம், நீர்மூழ்கி, தரை வண்டி எல்லாம் அதற்குள் உண்டு. படகுக்கென்று தனிப் பகுதி கிடையாது, ரோவர் என்ற தரை வண்டிப் பகுதிக்குள்தான் படகும் வருகிறது. யாரும் எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம். ஆனால் லட்சக்கணக்கான வரிகள். எங்கே தேடுவது என்று தெரியாவிட்டால் திறந்திருந்தும் மூடின கதவுதான்.

முதல் நன்றி உப்புவெளி அக்காவுக்கு. அக்கா, டேட்டா காட் போட்டுப் போட்டு நாங்கள் பாதியில் விட்ட ஆர்டுபைலட் டவுன்லோடை உங்கள் வீட்டு ஃபைபரில் ஒரே இரவில் முடித்து, அதோடு சேர வேண்டிய துணைப் பகுதிகளான சப்மொடியூல்கள் எல்லாவற்றோடும் பென் டிரைவில் தந்தீர்கள். கூடவே கையேட்டு ரெப்போவையும் (கோப்புகளின் களஞ்சியம்) போட்டுத் தந்தீர்கள். கையேடு கோடோடு (மென்பொருளின் நிரலோடு) இல்லை, தனி ரெப்போவில் இருக்கிறது என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. பெரும்பாலும் வெறும் எழுத்துக் கோப்புகள், ஆகவே கரண்ட் போன நேரத்திலும் இணையம் இல்லாமல் இரண்டிலும் கிட் கிரெப் (கோப்புகளுக்குள் சொல்லைத் தேடும் கட்டளை) ஓடும். அன்றைக்கு நீங்கள் சொன்ன ஒன்று இன்னும் காதில் இருக்கிறது: "இணையத்தில் இருக்கிற பக்கம் புதுசைப் பற்றிப் பேசும், உன் போர்டில் ஓடுவது பழசு. முதலில் உன்னுடைய பதிப்பு எது என்று பார், அந்த டேக்கில் தேடு." கையேட்டில் கண்ட ஒரு அளவுருவை (நாங்கள் மாற்றக்கூடிய அமைப்பு) போர்டில் காணவில்லை என்று இரண்டு கிழமை மண்டையைப் போட்டு உடைத்திருந்தோம். டேக் பெயரையும், அதாவது பதிப்பின் அடையாளப் பெயரையும், சேர்த்துக் கிட் கிரெப் கொடுத்ததும் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது, அந்தப் பெயர் எங்கள் பதிப்பில் இல்லவே இல்லை.

அடுத்தது நிலாவெளித் தம்பிக்கு. ஆழக் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே இடத்தில் வேறு யாராவது நிற்கக்கூடும். ஒலியால் ஆழம் அளக்கும் சோனார் வேலை செய்தது, திரையில் தூரம் ஓடியது, ஆனால் ஆழத்தோடு அகலாங்கும் நெட்டாங்கும் சேர்ந்து வர வேண்டிய டி.பி.டி.எச். வரி லொக்கில் ஒன்றுகூட இல்லை. நான் டெப்த் என்ற சொல்லைத் தேடினேன். நீர்மூழ்கிப் பகுதி முழுக்க அந்தச் சொல்தானே, வந்து கொட்டியது. தம்பி வந்து, "அண்ணை, பொதுச் சொல்லைத் தேடாதீங்கோ, லொக்கில் எந்தப் பெயர் வருமோ அதையே மேற்கோள் குறியோடு தேடுங்கோ" என்றார். தேடினோம். ரோவர் கோப்புறையில் லொக் கோப்பு, அதில் லாக்_ரைட்_டெப்த் என்ற ஃபங்ஷன். திறந்தால், மேலேயே ஒரு கொமென்ட், எழுதியவர் விட்ட குறிப்பு: படகுகளில் மட்டும் ஆழத்தைப் பதி. அதன் கீழே நிபந்தனை: படகு இல்லையென்றால், அல்லது கீழ்நோக்கிய உணரி (எங்களுக்கு அது சோனார்) இல்லையென்றால், ஒன்றும் எழுதாமல் திரும்பிவிடு.

வாகன வகையைச் சொல்லும் எங்கள் ஃபிரேம்_கிளாஸ் அளவுரு 1 என்று இருந்தது. 1 தரை வண்டி, 2 படகு. இரண்டு மோட்டரும் தரை வண்டிக் கணக்கிலேயே ஒழுங்காகச் சுழன்றதால் அதில் பிழை இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 2 ஆக்கினோம், அடுத்த ஓட்டத்தில் வரிகள் வந்தன. அப்புறம் இன்னொன்று: உணரி பார்க்கும் திசை கையேட்டில் கீழ்நோக்கு என்றால் 25, கோடில் அதன் பெயர் ரொட்டேஷன்_பிட்ச்_270. "டவுன்" என்று தேடிக்கொண்டிருந்தால் நாங்கள் இந்த நிபந்தனையின் இரண்டாம் பாதியைக் கண்டிருக்கவே மாட்டோம். தம்பி, உங்களுக்கு ஏ.எல். சோதனை நடக்கிற நேரம் அது. அதற்குள்ளும் வந்து இருந்தீர்கள்.

படகு நேராகப் போகாமல் பாம்பு மாதிரி நெளிந்த கதைக்கு, சீனன்குடாவிலிருந்து இரவு பத்து மணிக்குப் பிறகு போனில் பேசிய ஐயாவுக்கு நன்றி. திருப்பும் வேகத்துக்கான அளவுரு ஏ.டி.சி_எஸ்.டி.ஆர்_ஆர்.ஏ.டி_எஃப்.எஃப். அந்த முழுப் பெயரைத் தேடினால், மற்றவர்கள் சேமித்து வைத்த அளவுருப் பட்டியல்கள்தான் வரும், அதை உண்டாக்குகிற இடம் வராது. ஐயா பொறுமையாக விளக்கினார்: பெயர் துண்டு துண்டாக எழுதப்பட்டிருக்கிறது, ஏ.டி.சி என்ற தலை ரோவரின் அளவுருக் கோப்பில், மிச்ச உடல் பொது லைப்ரரியில், இரண்டையும் ஒட்டுவது ஃபர்ம்வெயர் ஓடும்போதுதான். வாலைத் தேடு, தலை தானாகக் கிடைக்கும் என்றார். உண்மையில் அப்படித்தான் கிடைத்தது. கோடில் அட் பாரம் என்று தொடங்கும் கொமென்ட்களிலிருந்தே கையேட்டின் அளவுருப் பக்கம் தானாக உருவாகிறது என்பதையும் அவரிடம்தான் அறிந்தேன். கையேட்டைப் படித்து ஐமிச்சம் வந்தால் அந்த வரியையும் சுற்றியிருக்கிற கோடையும் நேரே போய்ப் பார்ப்பது இப்போது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

சல்லி ஊர் மாமாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மாமா கொமென்டும் படிக்கவில்லை, கோடும் படிக்கவில்லை. ஈயக்குண்டு கட்டின கயிற்றோடு தன் வள்ளத்தில் எங்கள் படகுக்குப் பக்கத்தில் வந்து, நாங்கள் கேட்ட இடமெல்லாம் இறக்கி, "ஒண்டரைப் பாகம்", "ஒரு பாகம் கொஞ்சம் குறைய" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு பாகம் 6 அடி, மீட்டரில் 1.83. கணக்குப் பார்த்தால் எல்லா இடத்திலும் எங்கள் சோனார் ஒரு சாண் குறைவாகவே காட்டியது. "உன்ர பெட்டிதான் பிழை, கயிறு பொய் சொல்லாது" என்று மாமா உறுதியாகச் சொன்னார்.

அன்றிரவு அந்தக் கோப்பைத் தேடிப் படித்தோம். சோனார் அனுப்புவது கடல் கருவிகள் பேசுகிற என்.எம்.இ.ஏ. வாக்கியம், அதில் டி.பி.டி. என்ற வகை. ஒரே ஆழத்தை அடியில் ஒரு முறை, மீட்டரில் ஒரு முறை, பாகத்தில் ஒரு முறை என்று மூன்று தரம் சொல்கிறது அது. ஆர்டுபைலட் அதில் மீட்டரை மட்டும் எடுக்கிறது. பாகம் அந்த வாக்கியத்தில் இருக்கிறது என்று கண்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, மாமா வாயால் சொன்ன அதே அளவு கம்பிக்குள்ளும் ஓடுகிறது. டி.பி.டி. என்பதன் விரிவிலேயே விடையும் இருந்தது: உணரிக்குக் கீழே உள்ள ஆழம். உணரி தண்ணீருக்குள் ஒரு சாண் தாழ்ந்து நிற்கிறது, மாமாவின் கயிறு தண்ணீரின் மேல்மட்டத்திலிருந்து அளக்கிறது. பெட்டியும் பிழையில்லை, கயிறும் பிழையில்லை. படம் வரையும்போது அந்தச் சாணைக் கூட்டினோம், சரி வந்தது.

பெயர் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். "படகுகளில் மட்டும்" என்ற அந்த ஒற்றை வரிக் கொமென்டை எழுதியவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ தெரியாது. அந்த வரி இல்லாவிட்டால் சோனாரையே மாற்றப் பார்த்திருப்போம், அதற்கு எங்களிடம் காசும் இல்லை. உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

பி.வி.சி. குழாய் கடனாகத் தந்த கடைக்காரர், அனுமதிக்காக எங்களோடு அலைந்த மாஸ்டர், மூன்று பேருக்கும் விடியப்புறம் புட்டும் சம்பலும் கட்டித் தந்த அம்மா, எல்லோருக்கும் நன்றி.

கொட்டியாரக் குடா எப்போது என்று சிலர் கேட்கிறீர்கள். மகாவலி கொண்டுவந்து கொட்டுகிற இடம், ஆசை இருக்கிறது, ஆனால் இந்தப் படகு அந்த அலைக்குத் தாங்காது. முதலில் களப்பை மாரிக்கு முன்னும் பின்னும் ஒரு தரம் அளக்க வேண்டும்.

படத்தைப் பெரிதாக அடித்து சல்லியில் மீனவர் வாடிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். மீட்டருக்குப் பக்கத்தில் பாகமும் போட்டிருக்கிறது, மாமா.