கிரேடு 2 என்றால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அடுத்த பெருந்தொற்றுக்கு ஆயத்தமாவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படுக்கை, ஆக்சிஜன், முகக்கவசம் எல்லாம் இருந்தன. நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பது மட்டும் இல்லை.

2020 ஆகஸ்டில் எனக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. பயாப்சிக்கு, அதாவது சிறு திசு எடுத்துச் செய்யும் பரிசோதனைக்கு, தனியாகத்தான் போனேன். துணைக்கு யாரையும் உள்ளே விடவில்லை. முடிவைத் தொலைபேசியில் சொன்னார்கள். துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். முப்பது ஆண்டுகள் சுருக்கெழுத்தாளராக இருந்த பழக்கம், மருத்துவர் பேசப் பேச ஒரு பழைய உறையின் பின்புறம் குறித்துக்கொண்டேன். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு படித்துப் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை. வேகமாக எழுதும்போது உயிரொலிகளை விட்டுவிட்டு மெய்யொலிக் கோடுகளை மட்டும் இழுப்போம். தெரிந்த சொல்லானால் பின்னால் நிரப்பிவிடலாம். 'இன்வேசிவ் டக்டல் கார்சினோமா' (பால் நாளத்தில் தொடங்கிச் சுற்றுத் திசுவுக்குள் பரவும் மார்பகப் புற்றுநோய்) நான் எந்த அலுவலகக் கடிதத்தில் எழுதிய சொல்? தெளிவாக இருந்தது 'கிரேடு 2' ஒன்றுதான். நோய் இரண்டாம் கட்டத்துக்குப் போய்விட்டது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். உயிரணுக்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதுதான் கிரேடு. நோய் எவ்வளவு வளர்ந்து பரவியிருக்கிறது என்பது ஸ்டேஜ். இதைப் பதினொரு நாள் கழித்து ஒரு செவிலியர் சொன்னார். ஸ்கேன்களுக்குப் பிறகு, எனக்கு முதல் ஸ்டேஜ்தான் என்றார்கள். அந்தப் பதினொரு இரவுகளை யாரிடம் கேட்பது?

தொலைபேசியில் சொன்னதைக் குறைகூறவில்லை. தொற்று பரவிய நேரத்தில் என்னைக் கூட்டத்தில் உட்காரவைக்காதது நல்லதுதான். நேரில் போனபோதும் முகக்கவசம், அதன்மேல் முகத்தடுப்பு. பாதிச் சொற்கள் அங்கேயே நின்றுவிட்டன.

துயரச் செய்தியைச் சொல்வதற்கென்று 'ஸ்பைக்ஸ்' என்ற ஆறு படி வழிமுறை 2000-ஆம் ஆண்டிலேயே வெளியாகியிருக்கிறது. அமைதியான இடம், நோயாளி விரும்பினால் அருகில் ஒருவர் என்றுதான் அது தொடங்குகிறது. தொலைபேசிக்கு மட்டும் அது பொருந்தாதா? "இப்போது பேசலாமா? பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்க எவ்வளவு நேரமாகும்? என் கணவர் அடுத்த அறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருந்தால் அவரும் கேட்டிருப்பார் (அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அது வேறு கதை).

இன்ன நாளில், இன்ன நேரத்தில் அழைப்போம் என்ற முன்னறிவிப்பு, நோயின் பெயரும் கிரேடும் ஸ்டேஜும் தமிழில் விளக்கிய ஒரு தாள், மறுநாள் சந்தேகம் கேட்க இன்னொரு அழைப்பு. தயார்நிலைப் பட்டியலில் ஆக்சிஜனுக்குக் கீழேயாவது இவற்றைச் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுருக்கெழுத்தாளர்
(பெயரை வெளியிட வேண்டாம், உறவினர் பலருக்கு இன்னும் தெரியாது.)