செத்த மாட்டுக்குக் கணக்கு உண்டு, பிழைத்த மாட்டுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாடுகளைத் தாக்கும் தோல் கழலை நோயைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் செய்திகளில், எத்தனை மாடுகள் இறந்தன என்ற எண்ணிக்கையே முன்னால் நிற்கிறது. 2019 ஆகஸ்டில் ஒடிசாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்நோய், 2022-ல் ராஜஸ்தான், குஜராத் தொடங்கிப் பல மாநிலங்களில் ஒன்றரை லட்சம் மாடுகளுக்கு மேல் கொன்று தீர்த்ததால், அந்த எண்ணிக்கைக்கு முதலிடம் கிடைப்பது இயல்புதான். ஆனால் நோய் கண்ட மாடுகளில் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன. பிழைத்த மாட்டை வைத்திருப்பவரின் நட்டம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் தொழுவத்தில் மூன்று கலப்பினப் பசுக்களும் ஒரு கிடாரிக் கன்றும் இருந்தன. ஐப்பசி மழை பிடித்திருந்த நேரத்தில் ஒரு நாள் மாலை, நான்கு மாதச் சினையாக இருந்த பசு தவிட்டுத் தண்ணீரில் வாய் வைக்கவில்லை. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது. மறுநாள் காலையில் கழுத்துப் பக்கம் மயிர் அங்கங்கே சிலிர்த்துக்கொண்டு நிற்க, தடவிப் பார்த்தால் அடியில் புளியங்கொட்டை அளவுக்குக் கட்டிகள் தட்டுப்பட்டன. இரண்டே நாளில் அவை எலுமிச்சங்காய் அளவுக்குப் பெருத்து மடி, காம்பு வரை பரவின. முன்னங்கால்கள் வீங்கிப் படுக்க முடியாமல் இரவு முழுவதும் நின்றுகொண்டே இருந்தது. காம்பில் கட்டி இருக்கும் மாட்டைக் கறப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்பது கறப்பவருக்கும் அந்த மாட்டுக்கும்தான் தெரியும்.

கால்நடை மருத்துவர் வந்து காய்ச்சலுக்கும், புண்ணில் வேறு கிருமி தொற்றாமலிருக்கவும் ஊசி போட்டார். இந்நோயைத் தரும் வைரஸை நேராக அழிக்கும் மருந்து கிடையாது என்பதை அவரே சொன்னார். வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைத்துக் கொடுக்கும் மூலிகை வைத்தியத்தையும் அவரேதான் எழுதிக் கொடுத்தார். கட்டிகள் உடைந்து குழியான இடங்களில் புழு வைத்துவிட, கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெயை விட்டுப் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்தோம். என் தாயார் தொழுவத்து வாசலில் வேப்பிலை செருகினார். அம்மை கண்ட வீட்டில் அது எங்கள் வழக்கம், அதனால் மருந்துக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

பசு பிழைத்தது. ஆனால் கரு கலைந்துவிட்டது. நாளொன்றுக்கு 11 லிட்டர் கறந்த மாடு 3 லிட்டருக்கு இறங்கியது. ஊசி போட்ட நாட்களில் அந்தப் பாலையும் பால் உற்பத்தியாளர் சங்கத்தில் ஊற்றவில்லை. ஐம்பது நாட்களில் எனக்குக் குறைந்த பால் சுமார் 350 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தாலும் 12,250 ரூபாய். அதன் பிறகு இரண்டு முறை கருவூட்டல் செய்தும் சினை பிடிக்கவில்லை. விற்றுவிடலாம் என்று சந்தைக்கு ஓட்டிப்போனால், உடம்பெல்லாம் தழும்பாக நிற்கும் மாட்டைப் பாதி விலைக்குக் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டாரோ பால் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். இந்நோய் மனிதருக்குத் தொற்றாது என்றும், காய்ச்சிய பாலைக் குடிக்கலாம் என்றும் எவ்வளவு எடுத்துச் சொல்லியும் பயன் இல்லை.

மூன்று மாதக் கன்று பிழைக்கவில்லை. அதற்கு அடையாள எண் கொண்ட காதுவில்லை மாட்டியிருக்கவில்லை என்பதால், இறந்த மாடுகளின் பட்டியலிலும் அது இல்லை.

2022-ல் மகாராஷ்டிர அரசு இறந்த பசுவுக்கு 30,000 ரூபாயும், கர்நாடக அரசு 20,000 ரூபாயும் அறிவித்தன. ராஜஸ்தான் அரசு 2023 ஜூனில் கறவைப் பசு ஒன்றுக்கு 40,000 ரூபாய் வீதம் சுமார் 42,000 பேருக்கு வழங்கியது. இவை நல்ல முன்மாதிரிகள். குறை சொல்ல மாட்டேன். ஆயினும் மூன்றுமே மாட்டின் உயிர் போனதற்கான பணம். பொதுவாகக் கால்நடைக் காப்பீடும் அப்படித்தான்: மாடு செத்துப் பிரேதப் பரிசோதனைச் சான்றும் காதுவில்லையும் கையில் இருந்தால்தான் பேச்சே தொடங்கும். மாட்டைக் காப்பாற்ற மாதக்கணக்கில் செலவழித்தவருக்கு அதில் இடமில்லை.

தடுப்பூசி விஷயத்திலும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆட்டம்மைக்கான தடுப்பூசியே மாடுகளுக்கும் போடப்பட்டு வருகிறது. மாட்டுக்கென்றே ஹரியானாவின் ஹிசாரிலும் உத்தரப் பிரதேசத்தின் இஸாத்நகரிலும் உள்ள மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்கள் உருவாக்கிய ‘லம்பி-புரோவேக்’ என்ற தடுப்பூசி 2022 ஆகஸ்டில் வெளியிடப்பட்டது. எதைப் போட்டாலும் உடம்பில் எதிர்ப்புச் சக்தி வர ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆகும். இந்நோயைக் கடத்துபவை கடி ஈ, கொசு, உண்ணி ஆகியவை. மழை தொடங்கி ஈ மொய்க்கும்போது முகாம் நடத்துவதைவிட, ஆடி மாதத்துக்குள் எல்லாக் கிராமங்களிலும் போட்டு முடித்து, அப்போது வயது போதாமல் விடுபட்ட கன்றுகளுக்காகப் புரட்டாசியில் ஒருமுறை திரும்ப வருவதே பொருத்தமானது. எங்கள் ஊருக்கு முகாம் வந்தபோது என் தொழுவத்தில் கட்டி கிளம்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

பிழைத்த மாட்டின் நட்டத்தை எப்படி அளப்பது என்று அதிகாரிகள் கேட்கலாம். அதற்குப் புதிதாக ஒரு கணக்கெடுப்பும் வேண்டியதில்லை. ஒவ்வோர் உறுப்பினரும் காலையும் மாலையும் எத்தனை லிட்டர் ஊற்றினார் என்பது பால் உற்பத்தியாளர் சங்கத்துப் பதிவேட்டில் நாள்தவறாமல் இருக்கிறது. மாட்டின் காதில் 12 இலக்க எண் இருக்கிறது. நோய் கண்ட தேதியை அந்த எண்ணோடு சேர்த்து மருத்துவர் பதிந்து கொடுத்தால், குறைந்த பாலுக்கு ஒரு பகுதியையாவது ஈடுசெய்ய இரண்டையும் பொருத்திப் பார்த்தாலே போதும். தமிழ்நாடு அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறை ஒரு வட்டத்திலாவது இதைச் செய்து பார்க்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். என் பெயருக்கு எதிரே 11, 8, 5, 3 என்று இறங்கிப் பிறகு நான்கு நாட்கள் வெறும் கோடாக இருக்கும் பக்கம், எங்கள் சங்கத்துப் பதிவேட்டில் அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
பால் உற்பத்தியாளர் ஒருவர்,
திருச்செங்கோடு வட்டம், நாமக்கல் மாவட்டம்.