பிராங்க் மோசஸின் முகத்தைக் கணினியில் வரையாதீர்கள்

ஹாலிவுட் தயாரிப்பாளர்களுக்கு, குறிப்பாக ‘ரெட்’ படத்தின் உரிமையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு,

வணக்கம். நான் பென்ஷன் வாங்குகிறவன். அதனாலோ என்னவோ, 2010இல் வந்த உங்கள் ‘ரெட்’ முதல் பத்து நிமிடத்திலேயே என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. முன்னாள் சிஐஏ உளவாளி பிராங்க் மோசஸ் கிளீவ்லாந்தில் தனியாக இருக்கிறார். வந்த ஓய்வூதியக் காசோலையைத் தானே கிழித்துவிட்டு, இன்னும் வரவில்லையே என்று கான்சஸ் சிட்டி அலுவலகத்துக்குப் போன் போடுகிறார். அங்கே பேசும் சாராவின் குரலைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். காசோலையைக் கிழிக்க எவ்வளவு காதல் வேண்டும் என்று என் இனத்தாருக்குத்தான் தெரியும்.

அப்புறம் ஆட்கள் வந்து வீட்டையே சல்லடையாக்குகிறார்கள். சரி, ஆக்‌ஷன் படம்.

அந்தப் படத்தில் முதுமை கேலிப் பொருள் இல்லை. ஓய்வுபெற்ற உளவாளிகளின் கதை முடிந்தது என்று நினைக்கும் சிஐஏதான் கேலிப் பொருள். ராக்கெட் லாஞ்சரோடு நிற்கும் பெண் ‘கிழவா’ என்று சொன்னதுதான் பிராங்கின் பழைய சகா மார்வினுக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்து வரும் குண்டை ஒரு ரிவால்வரால் சுட்டு முடித்துவிடுகிறார். பதினோரு வருடம் தினமும் எல்எஸ்டி என்ற போதை மருந்து கொடுத்துச் சோதிக்கப்பட்ட அந்த மனிதராக ஜான் மால்கோவிச் கண்ணை உருட்டிக்கொண்டு, ஒரு பொம்மைப் பன்றியைத் தூக்கித் திரிந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. ராணி எலிசபெத்தாக நடித்து ஆஸ்கர் வாங்கிய ஹெலன் மிர்ரன், வெள்ளை கவுனோடு இயந்திரத் துப்பாக்கி பிடித்தார்; படம் வந்தபோது அவருக்கு வயது 65. ரகசியக் கோப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்த எர்னஸ்ட் போர்க்னைனுக்கு 93. ஒரு சுருக்கத்தைக்கூட நீங்கள் மறைக்கவில்லை. மார்கன் ஃப்ரீமனின் பாத்திரம் முதியோர் இல்லத்தில், ஈரல் புற்றோடு இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. 5.8 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க ஏறக்குறைய 20 கோடி டாலர் வசூலித்தது. 2013இல் வந்த இரண்டாம் பாகம் ஊர் ஊராகச் சுற்றியதே தவிர, அந்தச் சுகம் அதில் இல்லை. அதை விடுங்கள்.

இப்போது எதற்கு இந்த மடல்? உங்கள் ஊரில் முகத்தை இளமையாக்கும் வேலை ஜோராக நடக்கிறது. 80 வயது ஹாரிசன் ஃபோர்டைக் கணினியில் நடுவயதுக்காரராக்கி 2023இல் ஒரு படத்தைத் தொடங்கினீர்கள். முகம் இளமையாக இருந்தது. ஓட்டமும் குரலும் இளமையாக இல்லை. பிராங்காக நடித்த புரூஸ் வில்லிஸுக்கோ பேச்சு தடுமாறும் நோய் வந்து, 2022இல் நடிப்பிலிருந்து விலகுவதாகக் குடும்பத்தார் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே அது மூளையைப் பாதிக்கும் மறதிநோய் என்றும் சொன்னார்கள். அதற்கு முன்பே, 2021இல், ரஷ்யாவின் மெகாஃபோன் நிறுவன விளம்பரத்தில் அவர் முகத்தை வேறொருவர் உடலில் ஒட்டிக் காட்டியாகிவிட்டது. தொழில்நுட்பம் தயாராக இருக்கிறது. ஆசையும் வரும்.

வர விடாதீர்கள். மூன்றாம் பாகம் எடுப்பதாக இருந்தால் பிராங்க் மோசஸைக் கணினியில் செய்யாதீர்கள், குரலையும் செய்யாதீர்கள். உள்ளதை உள்ளபடி காட்டியதால்தான் ‘ரெட்’ நின்றது. வயதை மறைக்காத படத்தில் போய் ஒரு பொய் முகத்தை ஒட்டினால், காசோலை வரவில்லை என்று பிராங்க் சொன்ன பொய்யை ரசித்ததுபோல யாரும் அதை ரசிக்க மாட்டார்கள்.

ஆள் இல்லையே என்றும் சொல்லாதீர்கள். விக்டோரியாவாக நடித்த, 1945இல் பிறந்த மிர்ரனும், ரஷ்ய உளவாளி இவானாக நடித்த, 1946இல் பிறந்த பிரையன் காக்ஸும் இருக்கிறார்கள். கொல்லச் சொல்லி உத்தரவு வந்தபோது விக்டோரியா இவானைத் தலையில் சுடாமல் நெஞ்சில் மூன்று குண்டு போட்டாள். அதில்தான் அவள் காதல் புரிந்தது என்று இவான் சொல்கிறாரே, அந்தக் கதையை இன்னும் நீங்கள் எடுக்கவே இல்லை. இரண்டு பேரையும் படத்தில் விக்டோரியா நடத்தும் விடுதியின் வராந்தாவில், உள்ள வயதோடு உட்கார வையுங்கள். டிக்கெட்டுக்கு என் பென்ஷனில் இருந்தே எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
காசோலையைக் கிழிக்கத் துணியாத ஓய்வூதியர் ஒருவர்